அழிக்கப்பட்ட முகங்கள்: ஓவியர் வில்லியம் ஓர்பென் பற்றிச் சில கருத்துக்கள்

தரம் பதினொன்றுக்கு முதலாம் உலக மகா யுத்தத்தைப் படிப்பிக்கின்ற ஒவ்வோர் ஆண்டும், வேர்சாய் உடன்படிக்கை கைச்சாத்திடப்படும் காட்சியைக் காட்டுகின்ற ஓர் ஓவியத்தின் அச்சுப் பிரதியை நான் வகுப்புக்குக் கொண்டு செல்வதுண்டு. கிளமென்சோ யார், லொயிட் ஜோர்ஜ் யார், வில்சன் யார் என்று விரலால் தொட்டுக் காட்டுவேன். பிள்ளைகள் கொப்பியில் எழுதிக் கொள்வார்கள். சில வருடங்களுக்கு முன்னர் பின்வாங்கில் இருந்த ஒரு மாணவி எழுந்து, "சேர், ஆக்கள் எல்லாரும் சின்னனா இரிக்காங்க, சுவருதான் பெரிசா இரிக்கி" என்றாள். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துவிட்டு அடுத்த விடயத்துக்குப் போய்விட்டேன். ஆனால் வீட்டுக்கு வந்து படத்தை மீண்டும் விரித்துப் பார்த்தபோதுதான், அத்தனை வருடமாக அந்த ஓவியத்தை நான் ஓர் ஓவியமாகப் பார்க்கவேயில்லை என்பது விளங்கியது. ஐந்தடி உயரமான திரையில் உலகத்தைப் பங்குபோட்ட மனிதர்கள் கீழ்ப்பகுதியில் ஒரு வரிசையாக ஒடுங்கிக் கிடக்கிறார்கள். அவர்களுக்கு மேலே சலவைக்கல் தூண்களும் கண்ணாடிகளும் பொன் வேலைப்பாடுகளும். கண்ணாடிகளில் வெளிச்சம் உடைந்து சிதறித் தெரிகிறது. கையொப்பமிடுகின்ற ஜேர்மனியப் பிரதிநிதி ஜொஹான்னஸ் பெல்லின் முதுகுதான் நமக்குத் தெரிகிறது. யாரை வரைய வந்தாரோ அவர்களை இவ்வளவு சிறிதாக்கிய ஓவியர் யார் என்ற கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணம்.

வில்லியம் ஓர்பென் 1878ஆம் ஆண்டு நவம்பரில் டப்ளின் நகரத்துக்கு அண்மையிலுள்ள ஸ்டில்லோர்கனில், வசதியான புரட்டஸ்தாந்துக் குடும்பமொன்றில் பிறந்தவர். தந்தை சட்டத்தரணி. பதின்மூன்று வயதை எட்டும்போதே டப்ளின் கலைப் பாடசாலையில் சேர்க்கப்பட்டார். 1897இல் லண்டனின் ஸ்லேட் கலைக் கல்லூரிக்குச் சென்றார். அகஸ்டஸ் ஜோன் அங்கு அவரது சமகாலத்தவர். மிகக் குள்ளமானவர். தன்னை அவலட்சணமானவர் என்றே வாழ்நாள் முழுவதும் நம்பியவர். சிறுவனாக இருந்தபோது பெற்றோர் தன் தோற்றத்தைப் பற்றிப் பேசிக் கொண்டதைக் கேட்க நேர்ந்ததாகப் பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார். அவர் தன்னைத்தானே திரும்பத் திரும்ப வரைந்தமைக்கும், அந்தச் சுயசித்திரங்களில் தன்னைக் கேலிப் பொருளாக்கிக் கொண்டமைக்கும் இதில் ஒரு விளக்கம் கிடைக்கிறது. கண்ணாடி என்பது அவரை விடாது பிடித்த ஒரு பொருள். 1900ஆம் ஆண்டின் 'கண்ணாடி' என்ற ஓவியத்தில் நாற்காலியில் ஓர் இளம்பெண் இருக்கிறாள். அவளுக்குப் பின்னால் தொங்குகின்ற வட்டமான குவிகண்ணாடிக்குள் ஓவியரும் ஓவியச்சட்டமும் மிகச் சிறிதாகத் தெரிகின்றன. வான் ஐக்கின் பழைய பிளெமிஷ் ஓவியத்திலிருந்து கற்றுக்கொண்ட உத்தி அது. பார்ப்பவனும் பார்க்கப்படுகிறான் என்ற எண்ணம் அவரது இருபத்திரண்டு வயதிலேயே அவரிடம் இருந்தது.

உருவப்பட ஓவியம் என்பது ஒரு தொழில். காசுள்ளவர் வருவார், இருப்பார், வரைவிப்பார், சுவரில் தொங்கவிடுவார். சார்ஜன்ட் என்ற பெரும் ஓவியர் 1907 அளவில் அத்தொழிலிலிருந்து பெருமளவு ஒதுங்கிக் கொள்ள, லண்டனில் அந்த இடத்தை நிரப்பியவர்களுள் ஓர்பென் முதன்மையானவர். பிரபுக்கள், சீமாட்டிகள், நீதிபதிகள், வங்கியாளர்கள் என்று வரிசையில் நின்றார்கள். அவற்றிற் பெரும்பாலானவை இன்று எனக்கு எதுவும் சொல்வதில்லை. பட்டுத்துணியின் பளபளப்பை அவரைப் போல் வரைய ஒருசிலராலேயே முடியும். அதைத் தவிர அங்கு வேறொன்றுமில்லை.

ஆனால் 1916இல் வரைந்த வின்ஸ்டன் சர்ச்சிலின் படம் வேறுவகை. கல்லிப்போலியில் உஸ்மானியப் படைகளிடம் நேசநாடுகள் பட்ட தோல்வியைப் பற்றி நமது வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. அந்த யுத்த முயற்சியின் சூத்திரதாரி என்று பழி சுமத்தப்பட்டு, பதவியிழந்து, விசாரணைக்கு முகங்கொடுத்துக் கொண்டிருந்த மனிதர்தான் அந்நாட்களில் ஓர்பென்னின் முன்னால் நின்றார். நாம் பத்திரிகைகளில் பார்த்துப் பழகிய சுருட்டுச் சர்ச்சில் அங்கே இல்லை. இருண்ட பின்னணியில், இனி எழும்ப முடியுமா என்று தன்னையே கேட்டுக் கொண்டிருக்கிற ஒரு முகம். வெற்றி பெற்றவர்களை வரையும்போது ஓர்பென்னின் தூரிகை சோம்பிப் போகிறது. தோற்றவர்களிடம் விழித்துக் கொள்கிறது. அவரது பிற்காலத்தை விளங்கிக்கொள்ள இதைத்தான் நான் திறவுகோலாகக் கொள்கிறேன்.

1917 ஏப்ரலில் உத்தியோகபூர்வ யுத்த ஓவியராக, மேஜர் அந்தஸ்துடன் பிரான்சுக்குப் போனார். வாகனம், சாரதி, உதவியாள் என்று சகல வசதிகளும் இருந்தன. முந்தின ஆண்டு இலட்சக்கணக்கானோர் மாண்ட சோம் யுத்தகளத்தை அவர் 1917 கோடையிற்தான் கண்டார். சேறு காய்ந்து வெள்ளையாகியிருந்தது, அதன்மேல் காட்டுப்பூக்கள் பூத்திருந்தன, பூக்களுக்கிடையில் எலும்புகள். அந்த வெள்ளை மண்ணையும் கடும் நீல வானத்தையும் அப்படியே வரைந்தார். 'தீப்வால்', 'பதுங்குகுழியில் இறந்த ஜேர்மனியர்' போன்ற படங்களைப் பார்த்தால், யுத்தத்தைக் கறுப்பிலும் சாம்பலிலும் காட்டவேண்டும் என்ற வழக்கம் எவ்வளவு மலினமானது என்று தெரியும். தீப்வால், 1916 ஜூலை முதலாந் திகதி அல்ஸ்டர் படைப்பிரிவின் ஐரிஷ்காரர்கள் கூட்டம் கூட்டமாகச் செத்த இடம். ஓர்பென் அதை எங்கும் சத்தமிட்டுச் சொல்லவில்லை.

பிரித்தானியப் படைகளின் தளபதி டக்ளஸ் ஹெய்க்கை வரையச் சென்றபோது நடந்த ஒன்றை, 1921இல் வெளியான தனது யுத்த நினைவு நூலில் அவர் பதிவு செய்திருக்கிறார். என்னை வரைந்து நேரத்தை வீணாக்காமல் போய் சிப்பாய்களை வரையும், அவர்கள்தான் தினமும் சாகிறார்கள் என்ற கருத்துப்பட ஹெய்க் சொன்னாராம். ஓர்பென் அந்த வார்த்தையில் மயங்கிப் போனார். சிப்பாய்களைச் சாவுக்கு அனுப்பியவரும் அதே ஹெய்க்தானே என்ற கேள்வி நமக்கு எழுகிறது. அவருக்கு எழவில்லை, அல்லது எழுந்தும் எழுதவில்லை. இச்சம்பவத்தை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்திருக்க வேண்டும். பிற்பாடு இதற்கே திரும்ப வருவேன்.

அவரை ஒரு புனிதராகக் காட்டுவது எனது நோக்கமன்று. பிரான்சில் தான் உறவு வைத்திருந்த இளம்பெண்ணை வரைந்து, அப்படத்துக்கு 'உளவாளி' என்று பெயரிட்டு, பிரெஞ்சுக்காரரால் சுட்டுக் கொல்லப்பட்ட ஜேர்மனிய உளவுக்காரி அவள் என்று ஒரு கதையும் கட்டித் தணிக்கை அதிகாரியிடம் கொடுத்தார். விசாரணை வந்து, லண்டனுக்கு அழைக்கப்பட்டு, பொய் என்று ஒப்புக் கொண்டார். அதன்பிறகு அப்படத்தின் பெயர் 'அகதி'. முகம் ஒன்றுதான், மேலே எழுதிய சொல் மாற, முகமே மாறிவிடுகிறது. உளவாளி என்று பார்த்தவனுக்கு அக்கண்களில் வஞ்சகம் தெரிந்திருக்கும். அகதி என்று பார்ப்பவனுக்குத் துயரம் தெரியும். ஒரு மனிதனின் முகத்தின்மேல் அதிகாரம் எழுதுகின்ற ஒற்றைச் சொல் எவ்வளவு தூரம் போகும் என்பதை நான் இந்தப் பொய்யிலிருந்தே கற்றுக்கொண்டேன்.

1918இல் 'சேர்' பட்டம் கிடைத்தது. அதே ஆண்டில் தனது யுத்த ஓவியங்களை அரசுக்கு அன்பளிப்பாக வழங்கினார். இன்று லண்டன் ஏகாதிபத்திய யுத்த நூதனசாலையில் இருக்கின்ற அத்தொகுதியில் 138 படைப்புகள் உள்ளன. இதன் பின்னரே பாரிஸ்.

சமாதான மாநாடு 1919 ஜனவரி 18இல் ஆரம்பமானது. மாநாட்டின் தலைவர்களை வரைந்து மூன்று பெரிய குழு ஓவியங்களாகத் தருமாறு ஓர்பென் பணிக்கப்பட்டார். முதலாவது, பிரெஞ்சு வெளிநாட்டமைச்சின் மண்டபத்தில் நடந்த மாநாட்டு அமர்வு. இரண்டாவது, எனது மாணவி கண்ட, ஜூன் 28ஆந் திகதிக் கைச்சாத்து. மூன்றாவதைப் பற்றிச் சொல்வதற்கு முன் முதலாவது படத்தில் கொஞ்சம் தரிக்க வேண்டும். பின்வரிசையில் நிற்பவர்களில் ஒருவர் அமீர் பைசல். மக்காவின் ஷரீப் ஹுசைனின் மகன். உஸ்மானியருக்கு எதிராக வாளெடுத்தால் அரபுகளுக்குச் சுதந்திர ராச்சியம் தருவோம் என்ற பிரித்தானிய வாக்குறுதியை நம்பி பாரிசுக்கு வந்தவர். ஓர்பென் அவரைப் பிரதமர்களுக்கும் தளபதிகளுக்கும் இடையில், நாற்காலிகளுக்குப் பின்னால் நிறுத்தியிருக்கிறார். அடுத்த ஆண்டு மார்ச்சில் டமஸ்கஸில் மன்னராகப் பிரகடனம் செய்யப்பட்ட பைசல், ஜூலையில் மைசலூன் சண்டையின் பின்னர் பிரெஞ்சுப் படையினால் துரத்தப்பட்டார். அந்தப் படத்தில் உட்கார்ந்திருப்பவர் யார், நின்றுகொண்டிருப்பவர் யார் என்று பாருங்கள். சபை ஒழுங்கின்படிதான் ஓவியர் வரைந்திருக்கலாம். இருந்தாலும் அந்த நிலையில் பைசலின் முழுக் கதையும் இருப்பதாகவே எனக்குப் படுகிறது.

இன்னொருவர் படத்திலேயே இல்லை. 1919 ஜனவரி 21இல், அதாவது மாநாடு தொடங்கி மூன்றாம் நாள், டப்ளினில் ஐரிஷ் பாராளுமன்றம் கூடி அயர்லாந்தைச் சுதந்திர நாடாகப் பிரகடனம் செய்தது. அதன் பிரதிநிதியாக ஷோன் ஓ கெலி பாரிசுக்கு வந்து மாதக்கணக்கில் வாசற்படி மிதித்தார். மாநாட்டுக் கதவு திறக்கவில்லை. சிறிய தேசங்களின் உரிமை பேசிய மண்டபத்துக்குள் அயர்லாந்தின் பிரதிநிதிக்கு இடமில்லை. அயர்லாந்தின் ஓவியருக்கு மட்டும் இடமிருந்தது, அதுவும் பிரித்தானிய மேஜரின் சீருடையோடு. இதை ஓர்பென் உணர்ந்தாரா? அவரது மாணவர் ஷோன் கீட்டிங், 1916 எழுச்சிக் காலத்தில், இங்கிலாந்தை விட்டு என்னோடு அயர்லாந்துக்கு வாருங்கள் என்று அவரை வற்புறுத்திப் பார்த்தார். தன்னிடம் உள்ளவை எல்லாம் இங்கிலாந்து தந்தவை என்ற பாங்கில் ஓர்பென் மறுத்துவிட்டார். கீட்டிங் மேற்கு அயர்லாந்துக்குப் போய்த் தன் மக்களை வரைந்தார். ஓர்பென் போகவில்லை. விமர்சகர்கள் சிலர் இதற்காக அவரைத் தேசத் துரோகி அளவுக்குத் தள்ளிவிடுகிறார்கள். எனக்கு அவ்வளவு தூரம் போக மனமில்லை. ஏறத்தாழ இரண்டு இலட்சம் ஐரிஷ்காரர்கள் அதே பிரித்தானியச் சீருடையுடன் அந்த யுத்தத்துக்குப் போனவர்கள். அவர்களில் உயிருடன் திரும்பியவர்களையும் ஊர் வரவேற்கவில்லை. ஓர்பென் அவர்களில் ஒருவர்.

இனி மூன்றாவது ஓவியம். கண்ணாடி மண்டபத்துக்கு இட்டுச் செல்லும் அறையில் அரசியல்வாதிகள், தளபதிகள், கடற்படைத் தலைவர்கள் எல்லோரும் கூடி நிற்பதாக அது அமைய வேண்டும். ஓர்பென் ஒன்பது மாதங்கள் வரைந்தார். ஒவ்வொருவரையும் அதனதன் இடத்தில் நிறுத்தினார். பிறகு ஒருநாள் அவ்வளவு பேரையும் அழித்துவிட்டார். பிரான்சின் மண்ணிலேயே என்றைக்குமாகத் தங்கிவிட்ட சிப்பாய்களின் நினைவு தன்னைத் தொடர விடவில்லை என்று அவர் பின்னர் காரணம் சொன்னார். தலைவர்கள் நின்ற இடத்தில், பிரித்தானியக் கொடி போர்த்திய ஒரு சந்தூக்கை வைத்தார். அதன் இருபுறமும் அரைநிர்வாணமாக, கந்தலோடு, பேயறைந்த கண்களுடன் இரண்டு சிப்பாய்கள் காவல். மேலே மலர்மாலை ஏந்திய சிறு தேவதைகள். அச்சிப்பாய்கள் கற்பனையில் வந்தவர்களல்லர். குண்டுவெடிப்பில் புத்தி பேதலித்து நின்ற ஒரு சிப்பாயை 1917இலேயே அவர் வரைந்து வைத்திருந்தார். 'பிரான்சிலுள்ள அறியப்படாத பிரித்தானியச் சிப்பாய்க்கு' என்பது ஓவியத்தின் பெயர்.

1923இல் றோயல் அக்கடமியில் அது காட்சிக்கு வைக்கப்பட்டபோது ஆட்கள் குவிந்தார்கள். அவ்வருடத்தின் சிறந்த ஓவியமாகப் பொதுமக்கள் வாக்களித்தார்கள். இடதுசாரிப் பத்திரிகை பாராட்டியது, பழமைவாதிகள் சீறினார்கள். நாங்கள் கேட்டது இதுவல்ல என்று யுத்த நூதனசாலை ஏற்க மறுத்துவிட்டது.

அப்படியானால் இது உருவப்படம் வரைகின்ற ஒருவர் உருவப்படத்தையே நிராகரித்த கதையா? நமது சூழலில் இதை வாசிக்கின்ற ஒருவருக்கு, உருவம் வரைவது பற்றிய மார்க்க விவாதங்கள் உடனே ஞாபகம் வரக்கூடும். பார்த்தீர்களா, மேற்கத்தேய ஓவியனே கடைசியில் முகங்களை அழித்தான் என்று மேடையில் சொல்லிக் கைதட்டு வாங்கவும் முடியும். அந்த வாசிப்பு பிழையானது. ஓர்பென் உருவங்களை அழிக்கவில்லை; அதிகாரத்தின் முகங்களை எடுத்துவிட்டு, பெயரற்றவர்களின் உடல்களை அங்கு கொண்டு வந்தார். அவருக்கு முகங்கள் மீது வெறுப்பில்லை என்பதற்கு 1921இல் வரைந்த பாரிஸ் 'ஷதாம்' ஹோட்டல் சமையற்காரரின் படமே சாட்சி. வெள்ளைத் தொப்பி, வெள்ளை மேலாடை, முன்னால் சமையற் சாமான்கள். ஓர் இராச்சியத்தின் அதிபதியைப் போல் நிற்கிறார் அந்த மனிதர். றோயல் அக்கடமியில் தனது நிரந்தரச் சமர்ப்பணமாக ஓர்பென் கொடுத்தது எந்தப் பிரபுவின் படத்தையுமல்ல, இதைத்தான். கண்ணாடி மண்டபத்தில் கிளமென்சோவுக்குக் கிடைக்காத இடம், சமையற்காரருக்கு ஒரு முழுத் திரையாகக் கிடைத்தது.

ஓர்பென்னைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் 1923உடன் நிறுத்திக் கொள்கிறார்கள். துணிச்சலான கலைஞன், மறுத்த அரசு, கைதட்டிய சனம் என்று கதை அழகாக முடிந்துவிடுகிறது. ஆனால் இன்று நூதனசாலையில் உள்ளது 1923இன் ஓவியமல்ல. 1928 ஜனவரியில் ஹெய்க் இறந்தார். அவரது நினைவுக்கான காணிக்கையாக அந்த ஓவியத்தைத் தர ஓர்பென் முன்வந்தார். அதற்காகச் சிப்பாய்களையும் தேவதைகளையும் மாலைகளையும் தூரிகையால் மூடினார். நூதனசாலை ஏற்றுக் கொண்டது. இப்போது அங்கே இருப்பது ஆளில்லாத மண்டபமும் கொடி போர்த்திய சந்தூக்கும் மட்டுமே.

முன்னர் ஞாபகத்தில் வைக்கச் சொன்ன இடத்துக்கு வருகிறேன். என்னை வரையாதே, சிப்பாய்களை வரை என்று சொன்னவர் ஹெய்க். அதே ஹெய்க்கின் பெயரால்தான் சிப்பாய்கள் அழிக்கப்பட்டார்கள். தளபதியின் நினைவைப் போற்றுவதற்குத் தளபதியின் வார்த்தையையே ஓர்பென் மீறினார். இதைத் தோல்வி என்றே நான் சொல்வேன். முதலாவது அழிப்பில் பணமும் கௌரவமும் அரசின் தயவும் பணயம் வைக்கப்பட்டன. இரண்டாவது அழிப்பினால் அவை திரும்பி வந்தன. ஐரோப்பிய விமர்சகர்கள் சிலர் இன்றுள்ள வெறுமைதான் சிறந்தது, தேவதைகள் மிகையான அலங்காரம் என்கிறார்கள். தேவதைகள் விடயத்தில் அவர்களோடு உடன்படலாம். அவை பழைய தேவாலயச் சுவரிலிருந்து கழற்றி ஒட்டியது போலத்தான் இருந்தன. ஆனால் அந்த இரு சிப்பாய்களும் அலங்காரமல்ல. அவர்களே சாட்சிகள். சந்தூக்கு இருந்தால் எந்த அரசும் அதற்கு முன் தலைகுனிந்துவிட்டுப் போய்விடும். 1920 நவம்பரில் லண்டனில் அறியப்படாத சிப்பாயை அடக்கம் செய்தபோது, அவனை யுத்தத்துக்கு அனுப்பியவர்களே முன்வரிசையில் நின்றார்கள். பைத்தியம் பிடித்துக் கந்தலோடு நிற்கிற ஒருவனுக்கு முன்னால் அப்படி நிற்க முடியாது. நூதனசாலை மறுத்தது சந்தூக்கையல்ல, அவ்விருவரையும்தான் என்பது 1928இல் நிரூபணமாயிற்று.

இதன் பிறகு ஓர்பென் நெடுங்காலம் இருக்கவில்லை. குடி அவரைத் தின்றது. உருவப்படங்கள் மட்டும் வரிசையாக வந்துகொண்டிருந்தன, பணமும்தான். 1931 செப்டெம்பர் 29இல், ஐம்பத்திரண்டு வயதில் லண்டனில் காலமானார். அவரது மனைவியின் சகோதரி மகனும் டேட் கலைக்கூடத்தின் அதிபருமான ஜோன் றொதென்ஸ்டைன் 1952இல் எழுதிய நூலில் அவரைக் கடுமையாகவே மதிப்பிட்டார். அதன்பின் அவர் ஏறக்குறைய மறக்கப்பட்டார். 1981இல் வந்த புரூஸ் ஆர்னோல்டின் வாழ்க்கை வரலாறும், 2005இல் லண்டன் யுத்த நூதனசாலையிலும் பின்னர் டப்ளினிலும் நடந்த பெருங்கண்காட்சியும் அவரை மீட்டெடுத்தன.

நான் இந்த ஓவியங்களின் மூலத்தைப் பார்த்தவனல்லன். அச்சுப் பிரதிகளை வைத்துக்கொண்டு ஒரு கிராமத்து ஆசிரியன் பேசுவதில் உள்ள குறையை ஒப்புக் கொள்கிறேன். வர்ணங்களைப் பற்றி இங்கு குறைவாகவே சொன்னதற்கும் அதுவே காரணம். 1923இன் தோற்றத்தைக் காட்டுகின்ற கறுப்பு வெள்ளைப் புகைப்படங்கள் இன்றும் கிடைக்கின்றன. ஆசிரியர் குழு இக்கட்டுரையோடு ஒரு படத்தைப் பிரசுரிக்க இடம் ஒதுக்குமானால், இன்றுள்ள வர்ணப் படத்தைத் தனியே போடவேண்டாம் என்று கேட்டுக் கொள்கிறேன். தெளிவு குறைந்தாலும் பரவாயில்லை, அந்த இரண்டு சிப்பாய்களும் நிற்கின்ற பழைய புகைப்படத்தையும் அதன் பக்கத்தில் போடுங்கள். போன தவணை வகுப்பில் நான் இரண்டையும் ஒன்றாகத்தான் காட்டினேன்.